சொந்தப் பாட்டு, சிங்கப்பூர் மேடை: இளம் பாடகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூக மன்ற நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு, பொங்கல் மேடை என்று எங்கே தமிழ்ப் பாட்டு ஒலித்தாலும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பது என் பிழைப்பு. நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும் நேரத்தில் யாராவது ஓர் இளையர் வந்து தயங்கி நிற்பார். முகம்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நாலஞ்சு பாட்டு எழுதி ஃபோன்ல வச்சிருக்கேன். அடுத்து என்ன செய்றது?

முதலில் அவற்றை முடியுங்கள். ஃபோனில் இருப்பது பெரும்பாலும் ஒரு பல்லவியும் அரைச் சரணமும்தான். ஐந்து அரைகுறைப் பாட்டைவிட முழுதாக முடிந்த இரண்டு பாட்டு மேல். கிட்டாரோ கீபோர்டோ ஒரே ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு, நடுவில் நிற்காமல் அதைப் பாட முடிகிறதா என்று பாருங்கள். பின்னணி டிராக் இல்லாமல் நிற்காத பாட்டு மேடையில் நம்மைக் கைவிட்டுவிடும். கம்பி அறுந்தாலும் லேப்டாப் தூங்கிவிட்டாலும் பாடியாக வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று: ஒவ்வொரு பதிவுக்கும் தேதி போட்டு, அறையில் யார் யார் இருந்தார்கள், யார் எந்த வரியைச் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். இது எதற்கு என்பது நண்பன் மெட்டுப் போட்ட கேள்வியில் புரியும்.

கர்நாடக சங்கீதம் கத்துக்கல. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் ஏதாவது ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் மாதிரி இடங்களில் வாய்ப்பாட்டு வகுப்பு உண்டு. ஓராண்டு போனாலே மூச்சும் சுருதியும் நிதானப்படும். மேற்கத்திய கார்டுகளும் தாளமும் தெரிந்தால் ஒத்திகையில் இசைக்கலைஞர்களோடு பேச ஒரு பொது மொழி கிடைக்கும். 'கொஞ்சம் சோகமா வாசிங்க' என்று சொல்லி ஓர் ஒத்திகையை ஓட்ட முடியாது.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுல எப்படி ரெக்கார்டு பண்றது? பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுறாங்க.

இரவு 10.30க்கு மேல் பாடாதீர்கள், ஆன்ட்டி பக்கம்தான் நியாயம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்திப் பாடினால் எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். மாதிரிப் பதிவுக்கு இது தாராளம். வெளியிடப் போகும் பாட்டின் குரலை மட்டும் ஒரு ஸ்டூடியோவில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பதியலாம். போகும்முன் வீட்டிலேயே பாடிப் பாடித் தேய்த்துவிட்டுப் போங்கள். ஸ்டூடியோவில் வரி யோசித்தால் காசுதான் கரையும்.

சொந்தப் பாட்டை யாரு கேக்கறாங்க? மேடையில எல்லாரும் சினிமா பாட்டுதானே பாடச் சொல்றாங்க?

உண்மைதான். இங்கே தமிழ் மேடையில் காசு வருவது சினிமாப் பாட்டால். கல்யாண வீட்டுக்காரர் உங்கள் புதுப் பாட்டுக்காக மண்டபம் பிடிக்கவில்லை. அதனால் சினிமாப் பாட்டைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம், அதிலேயே கரைந்துபோகவும் வேண்டாம். பத்துப் பாட்டுப் பாடும் நிகழ்ச்சியில் ஒன்றோ இரண்டோ உங்களுடையதாக இருக்கட்டும். ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். முதல் பாட்டாக வைத்தால் ஆட்கள் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பாட்டால் கூட்டத்தைப் பிடித்த பிறகு, மூன்றாவதாகப் பாடுங்கள். 'இது நானே எழுதினது, நல்லா இல்லைன்னா மன்னிச்சுடுங்க' என்று தொடங்காதீர்கள். பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், பாடுங்கள். எதையுமே சொல்லாமல் பாடி முடித்து, கைத்தட்டல் அடங்கியபின் 'என் பாட்டு' என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இன்னும் நன்றாக எடுபடுகிறது.

வேற எங்கெல்லாம் பாட இடம் கிடைக்கும்?

சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் ஆண்டு முழுவதும் ஏதாவது நடத்துகின்றன. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் தமிழ்மொழி விழா. அந்த ஒரு மாதத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் தமிழில் சொந்தமாக எழுதியவருக்கு உண்மையான தேவை இருக்கும், ஆனால் ஏற்பாடுகள் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். நவம்பரில் எஸ்பிளனேட் கலை அரங்கில் கலா உத்சவம் என்னும் இந்தியக் கலை விழா. அதே எஸ்பிளனேடின் திறந்தவெளி அரங்கிலும் நுழைகூடத்திலும் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கேயே நடக்கும் பேபீட்ஸ் இசை விழா இசைக்குழுக்களுக்கு மொழி பார்ப்பதில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே குறைவு. ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

தெருவில் பாட ஆசை என்றால் தேசிய கலைகள் மன்றத்தின் திட்டத்தில் தேர்வுக்குப் போய் அனுமதி வாங்கி, குறித்த இடங்களில் பாடலாம். ஆர்ச்சர்ட் ரோட்டில் தமிழ் தெரியாத ஆளை முப்பது விநாடி நிறுத்தி வைக்கிற மெட்டு எங்கேயும் நிற்கும்.

ஏம்மா, என் மக லசால்தான் போவேன்னு அடம்பிடிக்கிறா. நீங்களாவது சொல்லக் கூடாதா?

இரண்டு பக்கமும் சொல்கிறேன் அம்மா. லசால், நாஃபா என்ற இரண்டு கலைக் கல்லூரிகளும் சேர்ந்து இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டன. அங்கே கிடைப்பது பட்டம் மட்டும் இல்லை. கூட வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய, நாடகத்துக்கு இசை கேட்க ஒரு தலைமுறை நண்பர்கள் கிடைப்பார்கள். இந்தத் தொழிலில் வேலை அப்படித்தான் வருகிறது.

ஆனால் பாட்டு எழுதப் பட்டம் தேவையில்லை. கணக்கியலோ தாதிமையோ படித்துக்கொண்டே மாதம் ஒரு பாட்டு முடிப்பவளை நான் நம்புவேன். மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த ஓராண்டில் எத்தனை பாட்டு முடித்தாள்? யாரும் கேட்காமலே முடித்திருந்தால் அவள் பேச்சில் விஷயம் இருக்கிறது.

என்எஸ் வருது. ரெண்டு வருஷம் போச்சா?

போகாது. கட்டாயத் தேசிய சேவை (என்எஸ்) என்றாலும், சிங்கப்பூர் ஆயுதப் படைக்கு 1973இலிருந்து இசை நாடகக் குழு இருக்கிறது. தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், இடம் குறைவு, கிடைக்காமல் போனாலும் மனம் தளர வேண்டாம். வாரக் கடைசியில் பாட்டு எழுத யாரும் தடை போடுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு வெளியே பாடுவதாக இருந்தால் மட்டும் முதலில் உங்கள் பிரிவில் அனுமதி கேளுங்கள்.

நான் தஞ்சாவூர், இங்க எஸ் பாஸ்ல வேலை. வீக்கெண்ட்ல பாடி காசு வாங்கலாமா?

கூடாது. உங்கள் வேலை அனுமதி உங்கள் முதலாளியோடு கட்டியது. வேறோர் இடத்தில் ஊதியத்துக்குப் பாடினால் சிக்கல் உங்களுக்குத்தான், கூப்பிட்டவருக்கும். பாட்டை எழுதுங்கள், பதியுங்கள், மேடைக் காசை மட்டும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் மனிதவள அமைச்சைக் கேளுங்கள், பாடக் கூப்பிட்ட ஏற்பாட்டாளரைக் கேட்காதீர்கள்.

தமிழ்ல இங்லிஷ் கலந்து எழுதினா திட்டறாங்க. சுத்தத் தமிழ்ல எழுதினா ஃபிரெண்ட்ஸ் சிரிக்கறாங்க.

யார் பாடுகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஈசூனில் பேருந்துக்கு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன் பாட்டில் பேசினால் அவன் பேசுகிறபடிதான் பேசுவான். நம் ஊர் ராப்பர் யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் பிசைந்து ராப் பாடித்தான் வெளிநாட்டு லேபிள் வரை போனார். அது அவர் வாயில் இயல்பாக உட்கார்ந்தது. அதே பாணியை நீங்கள் கடன் வாங்கினால் இரவல் சட்டை மாதிரி தொங்கும்.

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. ஊட்ரம் ரோட்டில் வளர்ந்த பிள்ளை காவிரியையும் கரிசல் மண்ணையும் பற்றி எழுதுவது. நீங்கள் பார்த்த மழை பேர்ல்ஸ் ஹில் மாடியிலிருந்து பார்த்த மழை. அடுக்குமாடிக்குக் கீழுள்ள வெற்றுத்தளம், கடைசி எம்ஆர்டி ரயில், பாட்டி வீட்டு இரும்புக் கதவு, இதெல்லாம் தமிழ்ப் பாட்டில் இன்னும் சரியாக வரவே இல்லை. இடம் காலியாகக் கிடக்கிறது.

கவர் பாட்டு போட்டு வியூஸ் ஏத்திட்டு, அப்புறம் சொந்தப் பாட்டு போடலாம்னு இருக்கேன். நல்ல ஐடியாதானே?

பாதி நல்லது. சினிமாப் பாட்டைப் பாடி யூடியூபில் ஏற்றினால் பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்தின் உரிமைக்கோரல் வந்து உட்காரும். விளம்பர வருமானம் அவர்களுக்கு. சில சமயம் காணொளியே முடக்கப்படும். கரோக்கி டிராக் வேறு ஒருவருடையது என்றால் அதற்குத் தனி உரிமை.

அதைவிடப் பெரிய தொல்லை, கவருக்காகச் சேர்ந்தவர்கள் அந்த மூலப் பாட்டுக்காகச் சேர்ந்தவர்கள். சொந்தப் பாட்டு போடும் நாளில் பாதிப் பேர் எழுந்துபோவார்கள். ஆகவே முதல் மாதத்திலிருந்தே இரண்டையும் கலந்து போடுங்கள், மேடைக்குச் சொன்ன கணக்கில்.

வரி நான் எழுதினேன், மெட்டு என் ஃபிரெண்டு போட்டான், அவன் அண்ணன் ஸ்டூடியோல பதிஞ்சோம். பாட்டு யாருது?

நான் இங்கே கேட்கும் எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் 'மாஸ்டர்' என்கிறோம். வரி உங்களுடையது, மெட்டு நண்பனுடையது. மாஸ்டர் யாருடையது என்பது பதிவுக்கு யார் ஏற்பாடு செய்தார், யார் செலவு செய்தார், என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. அங்கேதான் அண்ணன் வருவார்.

சிங்கப்பூரில் பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டிய அலுவலகம் எதுவும் இல்லை. எழுதியோ பதிந்தோ வைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எழுதியவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுக்கும் இருக்கிறது. நிறுவனத்தில் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் கேட்டு எழுதிக்கொடுத்தால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை வரியும் மெட்டும் எழுதியவருக்கே. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இன்னொன்றும் தந்தது: பாட்டைப் பொதுவில் பயன்படுத்தும்போது எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

ஆக, செய்ய வேண்டியது ஒரு பக்கத் தாள். வரி யார், மெட்டு யார், வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு, மாஸ்டர் யாருக்கு, யார் சம்மதம் இல்லாமல் பாட்டை விற்கக் கூடாது. எல்லாரும் கையெழுத்து. பாட்டு வெளிவரும் முன்பு போடுங்கள். அப்போது எல்லாருக்கும் தாராள மனசு. பத்தாயிரம் பேர் கேட்டபின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனால் அண்ணன், தம்பி, டிரம்ஸ் வாசித்தவன் எல்லாரும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

ஏஐல பாட்டு போட்டா யாருகூடவும் பங்கு பிரிக்க வேணாமே?

பங்கு பிரிக்க ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பதிப்புரிமைக்கு மனித ஆசிரியர் வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. முழுக்க இயந்திரம் போட்ட மெட்டை நாளைக்கு இன்னொருவர் எடுத்துப் பாடினால் 'என்னுது' என்று நிற்பது கடினம். இணையத்தில் வாங்கும் பீட்டுக்கும் (தயார் பின்னணி இசை) கவனம் வேண்டும்: மலிவு உரிமம் என்றால் அதே பீட்டை இன்னும் எத்தனை பேருக்கும் விற்பார்கள்.

காம்பஸ்ல சேரணுமா?

சொந்தமாக எழுதுபவர் என்றால், ஆம். 1987இல் அமைந்த காம்பஸ், எழுதியவர்களுக்கான சங்கம். வானொலி, தொலைக்காட்சி, கடை, மேடை எங்கே பாட்டு ஒலித்தாலும் அதற்கு உரிமக் கட்டணம் வசூலித்து எழுதியவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. ஒலி 96.8இல் உங்கள் பாட்டு ஓடினால் அதன் கணக்கும் இந்த வழியாகத்தான். மற்ற நாடுகளின் சங்கங்களோடும் அதற்கு ஒப்பந்தம் இருப்பதால் வெளியூரில் ஒலிப்பதும் வந்து சேர வழி உண்டு.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். பாட்டைச் சேர்க்கும்போது முன்பு சொன்ன விழுக்காட்டுத் தாளில் உள்ளதையே எழுத வேண்டும். வெறும் பாடகராக இருந்தால் இது உங்களுக்கான இடம் இல்லை.

ஸ்பாட்டிஃபைல போட்டா காசு வருமா?

வரும், பேருந்துக் காசு. ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இது வருமான வழி என்பதைவிட முகவரி. ஏற்பாட்டாளர் 'உங்க பாட்டு எங்க கேக்கலாம்' என்றால் அனுப்ப ஒரு லிங்க்.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு விநியோகிப்பாளர் வழியாகத்தான் ஏற்ற முடியும். ஆண்டுச் சந்தா வாங்கும் இடத்தில் சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடலாம், அதைப் படித்துவிட்டுச் சேருங்கள். வெளியீட்டுத் தேதிக்கு ஏழு நாளுக்கு முன்னாவது ஏற்றினால்தான் ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க முடியும். மூன்று, நான்கு வாரம் விட்டால் நிம்மதி.

'காசு இல்ல தம்பி, ஆனா நல்ல எக்ஸ்போஷர்' அப்படின்றாங்க. போகலாமா?

மேடை போட்டவர், சமைத்தவர், பந்தல்காரர் எல்லாருமே இலவசமா என்று பாருங்கள். எல்லாரும் தொண்டு என்றால் நீங்களும் செய்யலாம், அது நம்ம ஊர் வழக்கம். உங்களுக்கு மட்டும்தான் காசு இல்லை என்றால் வணக்கம் சொல்லிவிடுங்கள். போவதாக முடிவு செய்தால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: இரண்டு சொந்தப் பாட்டு, அவற்றின் நல்ல காணொளிப் பதிவு.

பாடி மூணு மாசம் ஆச்சு, இன்னும் காசு தரல. ஃபோன் எடுக்க மாட்டேங்கறாரு.

வாட்ஸ்அப்பில் பேசியதைப் பத்திரப்படுத்துங்கள். தேதி, தொகை, இடம் அதில் இருந்தால் அது சான்று. முதலில் ஒரு தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். தனித்தொழில் செய்பவர்களின் ஊதியத் தகராறுக்கு டிஏடிஎம் என்னும் முத்தரப்பு அமைப்பு சமரசம் செய்து வைக்கும். அதிலும் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீலுக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேச வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. பாதி நேரம், அங்கே போகப் போகிறேன் என்ற குறுஞ்செய்தியிலேயே காசு வந்துவிடும். அடுத்த முறை பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

கையில வாங்கற காசுக்கெல்லாம் வரியா?

கணக்கில் காட்ட வேண்டும். கட்ட வேண்டுமா என்பது மொத்த வருமானத்தைப் பொறுத்தது. வரிக்குரிய வருமானத்தின் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. ஆனால் செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் தனித்தொழில் வருமானம் வந்தால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்குக் கட்டணும், பலருக்கு இது கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. கம்பி, ஸ்டூடியோ வாடகை ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரில் தொழில் செய்தால் அக்ரா என்னும் வணிகப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டாம். மேடைப் பெயரிலோ இசைக்குழுப் பெயரிலோ ரசீது கொடுத்தால் பதிய வேண்டும்.

ஆல்பத்துக்கு அரசாங்கம் காசு தருமாமே?

தேசிய கலைகள் மன்றத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியங்கள் உண்டு. திட்டச் செலவில் ஒரு பங்குதான், முழுச் செலவு இல்லை. 'என் கனவு' என்று எழுதாமல், எத்தனை பாட்டு, யார் கேட்பார்கள், எங்கே மேடை, எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். முடித்த பாட்டின் பதிவை இணைப்பதற்கு ஈடு வேறு இல்லை.

இங்க தமிழ் பேசறவங்களே கொஞ்சம். சென்னைக்குப் போனாத்தானே உருப்படலாம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் 3.3 இருந்தது. சந்தை சிறியது, இன்னும் சுருங்குகிறது. ஆனால் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறத்தாழ இருபது லட்சம் மலேசிய இந்தியர்கள், சொந்தப் பாட்டு ஆல்பங்களுக்கு நல்ல பழக்கமுள்ள ரசிகர்கள். சென்னைக்கு விமானம் பிடிக்கும்முன் ஜோகூருக்குப் பேருந்து பிடித்துப் பாருங்கள். அங்கே கட்டண நிகழ்ச்சி என்றால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதி தேவை. அதை ஏற்பாட்டாளர் வாங்க வேண்டும்.

சென்னைக்குப் போனவர்களும் இங்கே வேலை செய்துவிட்டுத்தான் போனார்கள். பாடகர் ஷபிர் 2005இல் வசந்தம் ஸ்டார் பாட்டுப் போட்டியில் வென்றார். நம் தேசிய நாளுக்குப் பாடும் 'சிங்கை நாடு' அவருடையது. 2019இல் 'சகா' படத்துக்கு இசையமைத்தார். நடுவில் பதினான்கு ஆண்டு இருக்கிறது, கவனியுங்கள்.

சென்னையிலேர்ந்து ஒரு இசையமைப்பாளரோட ஆள் என் பாட்டைக் கேக்கறாரு. மொத்தமா ஒரு தொகை, எல்லா உரிமையும் அவங்களுக்கு. கையெழுத்துப் போடட்டுமா?

உடனே போடாதீர்கள். எதைக் கேட்கிறார்கள் என்று பிரியுங்கள்: வரியையா, மெட்டையா, உங்கள் மாஸ்டரையா? படத்துக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் என்றென்றைக்குமா? நண்பன் மெட்டுப் போட்டிருந்தால் அவன் சம்மதம் இல்லாமல் அந்த மெட்டை நீங்கள் விற்கவே முடியாது. ஏற்கெனவே காம்பஸில் சேர்ந்திருந்தால் பொதுவில் ஒலிபரப்பும் உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்திருப்பீர்கள், அதை மறுபடியும் ஒருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம். அங்கே 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்காக எழுதிக் கொடுத்த வரிக்கும் மெட்டுக்கும், திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாட்டின் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. சட்டப்படியான வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதித் தரலாம். அதனால் 'மொத்தத் தொகை, அத்தோடு முடிந்தது' என்றால் அந்த வாக்கியத்தைக் காட்டி விளக்கம் கேளுங்கள். ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற வரியையும் தேடிப் பாருங்கள், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதை எழுத்துக்கூட்டித் தாளில் போடச் சொல்லுங்கள். அவர் கொடுத்த தொகை ஒரு வக்கீலின் ஒரு மணி நேரக் கட்டணத்தைவிட அதிகம் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிவிட்டே பேனாவை எடுங்கள்.